மாடு திங்குமா?

கம்பத்தில் நண்பர் ஒருவர் திராட்சைத் தோட்டத்துக்குள் வீடு கட்டியிருக்கிறார். கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் அலங்காரப் புல். நரி வால் மாதிரி வளைந்த கதிர்கள், காற்றடித்தால் மொத்தமாகத் தலையாட்டுகின்றன. ‘ஃபவுன்டன் கிராஸ்’ என்று நர்சரியில் சொன்னார்களாம். பொறாமையாக இருந்தது.

நண்பரின் அப்பாவுக்கு எண்பது வயது. ஒரு கதிரைக் கிள்ளி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘‘ஏப்பா, இதை மாடு திங்குமா?’’

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

வளர்ப்பது ரொம்ப சுலபம். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், வேர் பிடிக்கும்வரை தண்ணீர். வருஷத்துக்கு ஒருமுறை சாண் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுசாகத் துளிர்த்து வரும். மூன்றடிக்கு மேல் போகும். பிரச்னையே அந்த சுலபத்தில்தான் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பிறந்த புல் இது. ஒவ்வொரு விதைக்கும் மெல்லிய முடி உண்டு. காற்றில் ஏறிப் போய்விடும். ஹவாய்த் தீவுக்கு அழகுக்காகத்தான் கொண்டுபோனார்கள். எரிமலைப் பாறைமேல்கூடப் பரவி, காய்ந்து, தீப்பிடித்து, தீ அணைந்ததும் எல்லாச் செடிக்கும் முந்திக்கொண்டு முளைத்தது.

நண்பரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘‘என் நிலம், என் காசு, நான் தண்ணி ஊத்துறேன். இதுல உனக்கு என்னப்பா? அப்படிப் பார்த்தா இந்தத் திராட்சை மட்டும் உள்ளூரா?’’

நியாயமான கேள்வி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால், 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த கொடி அது என்கிறார்கள். வெளியூர்க்காரன் என்பது ஒரு குற்றமா என்ன? நாம் தின்கிற மிளகாயே வெளியூர்தான். ஆனால், திராட்சை பந்தலை விட்டு இறங்கி மேகமலைக்கு நடந்து போகாது. புல் போகும். தேனிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை ஆண்டிப்பட்டி காற்றாலைகளைக் கேட்டால் சொல்லும்.

நான் பி.காம். படித்தவன். வரவும் செலவும் ஒரே பேரேட்டில் இருந்தால்தான் எனக்குக் கணக்குப் புரியும். இதில் அழகு முழுக்க நண்பர் பேரில் வரவு. செலவு யார் பேரில்? மலைக்குப் பேரேடு கிடையாது. உன்னிச்செடியும் 1800-களின் தொடக்கத்தில் பூ அழகுக்காகத்தான் இந்தியாவுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவந்திருக்க மாட்டார். இன்றைக்குக் காடு முழுக்க அதுதான் மண்டிக் கிடக்கிறது. யாரிடம் போய் ரசீது கேட்பது?

2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கே எரிந்தது நண்பர் வீட்டுப் புல் இல்லை. மலையின் சொந்தப் புல். அதுவே கோடையில் அப்படி எரியும் என்றால், அதன்மேல் நாம் வேறு விறகு அடுக்க வேண்டுமா? ‘இங்கே இன்னும் அப்படி எதுவும் ஆகவில்லையே’ என்பது சரிதான். ஆனபிறகு பிடுங்க முடியாது என்பதுதான் சங்கடம்.

அதற்காக அழகே கூடாது என்று சொல்கிற சாமியார் இல்லை நான். இதிலேயே கருஞ்சிவப்பு இலை வகை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் முளைக்கிற விதை வைப்பதில்லை. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். நாலு தொட்டியில் வைத்தால் கண்ணுக்குப் போதும். பச்சைதான் வேண்டும் என்றால் கதிர் முற்றும் முன்னே கத்தரிக்க வேண்டும். ஒரு கதிர் விடாமல், ஒவ்வொரு தடவையும். எத்தனை பேர் செய்வார்கள்? நான் செய்ய மாட்டேன். எனக்கு அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

போன வாரம் நண்பர் போன் பண்ணினார். ‘‘பாதியைப் பிடுங்கிட்டேன். மீதிக்கு வீட்டுல விடமாட்டேங்கிறாங்க.’’

‘‘அப்பா என்ன சொல்றார்?’’

‘‘பிடுங்கினதுல ஒரு கட்டு எடுத்துட்டுப் போய்த் தொழுவத்துல போட்டுப் பார்த்திருக்கார். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சாம்.’’