எரிந்தால் நல்லதா?

காட்டுப்பள்ளியில் எனக்கு ஒரு நண்பர். மீன்பிடி தொழில். துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று ஊரைச் சுற்றி எல்லாம் வந்த பிறகும் படகை விடாதவர். சமீபத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு நாள் முன்பே போய்விட்டேன்.

பெண்ணைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். இரண்டு கன்னமும் செக்கச் செவேலென்று, அங்கங்கே தோல் உரிந்து கிடந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாமா. க்ரீம் போடறேன். லேசா எரியும்."

"எரிஞ்சா விட்டுட வேண்டியதுதானே?"

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்!" என்று சிரித்தாள். கன்னம் வலித்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நீங்கள் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சூடான வேக்ஸைப் பட்டென்று இழுத்தபோது பல்லைக் கடித்தவர், ஷேவ் செய்த கன்னத்தில் லோஷன் தடவி 'ஸ்ஸ்' என்றவர், முகப்பருவுக்கு டூத்பேஸ்ட் வைத்துக்கொண்டு படுத்தவர் நம் வீட்டிலேயே இருப்பார்கள். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோலின் பி.ஹெச். அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு சுமார் 2. மூன்று படிதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக, தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலம்! அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கறுத்தும் போகலாம். வெளுக்கப் போய்க் கறுத்த கதை.

அந்தப் பெண் போட்டது வேறு வகை. கூட வேலை செய்கிறவள் சொல்லி மருந்துக்கடையில் வாங்கியது. டியூபைப் படித்துப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மங்குக்காக டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற மருந்து. ஸ்டீராய்டு முதலில் முகத்தை வெளுப்பாகத்தான் காட்டும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பரு வரும், பூனைமுடி வளரும். ஒரு நாள் விட்டால் எரியும், மறுபடி தடவினால் அடங்கும். பட்ட கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிற மாதிரி. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் அவள் கைக்கு ஒன்று வந்துவிட்டதே!

வலை பின்னிக்கொண்டிருந்த நண்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எண்ணூர் ஆத்துல எண்ணெய் வந்துச்சே, அப்ப எனக்கும் கை இப்டித்தான் எரிஞ்சுது. வேலை செய்யுதுன்னு யாரும் சொல்லலியேம்மா!"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை நாசமாக்கியதைத்தான் சொன்னார். வலையும் படகும் கறுத்துப் போயின. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளினார்கள். அந்த எரிச்சலை அவர்கள் காயம் என்றார்கள். மகள் தன்னுடையதைச் சிகிச்சை என்கிறாள். இரண்டு பேரின் தோலும் சொன்னது ஒன்றே: 'என்னை விட்டுடு.'

பிறகு எப்படிப் பெயர் மாறியது? யோசித்துப் பாருங்கள். எண்ணெய் எந்த வாக்குறுதியும் தரவில்லை. க்ரீம் தந்தது. வலியோடு ஒரு வாக்குறுதியை ஒட்டிவிட்டால் போதும், வலி சாட்சியாகிவிடுகிறது. கசந்தால்தான் மருந்து, அடித்தால்தான் படிப்பு என்று வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! 1970-களில் வந்த ஒரு பிரபல சிவப்பழகு க்ரீம் 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டது. நம் மனசிலிருந்து யார் எடுப்பது?

'என் முகம், என் இஷ்டம்' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். சில நல்ல மருந்துகளும் ஆரம்பத்தில் எரியும். ஆனால் எரிச்சல் மட்டுமே எதற்கும் அத்தாட்சி ஆகாது. வலியைத் தாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாக்குறுதி இல்லாமல் இதே வலி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

அன்று சாயந்திரமே அவளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். நாமாகத் திடீரென நிறுத்தினாலும் சிக்கல், தன் மேற்பார்வையில் விடலாம் என்றார் அவர்.

நிச்சயதார்த்த போட்டோவில் கன்னம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.