பேதுருவும் என் நைனாவும்

எனக்கு ரெண்டு பேர். சபைப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் சேரியில் என் வயசுக்காரர்கள் பலருக்கும் இப்படித்தான். வீட்டில் கூப்பிடுகிற பேர் வேதாகமத்திலிருந்து வந்தது. வாத்தியார் கூப்பிடுகிற பேர் முருகனிடமிருந்தோ பெருமாளிடமிருந்தோ இரவல் வாங்கினது.

என்னை ஒண்ணாவது சேர்க்கப் போனபோது நைனாவுக்கு எழுதத் தெரியாது. வாத்தியார்தான் விண்ணப்பத்தை எழுதினார். "மதம் இன்னான்னு போடட்டும்?" என்று கேட்டார். நைனா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அப்புறம், "இந்துன்னே போட்டுடுங்க சார். அப்பதான் புள்ளைக்கு சலுகை கெடைக்கும்னு சொல்றாங்க" என்றாராம். அன்றைக்கு ராத்திரி அவர் ஜெபத்துக்கு உட்காரவில்லை. வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார். ஆயா போய் எழுப்பினாளாம்: "பேதுரு மூணு தபா சொன்னாரு. நீ ஒரு தபாதானே சொன்ன. எழுந்து வந்து சோறு துன்னுடா."

இந்தக் கதையைச் சொல்லி எங்கள் வீட்டில் சிரிப்போம். நைனா மட்டும் சிரிக்க மாட்டார். சாகும்வரை ராப்போஜனம் வாங்கும்போது அவர் கை நடுங்கும். தான் ஆண்டவரை மறுதலித்துவிட்டதாகவே நம்பினார். அவர் மறுதலித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றைக்கும் தீராத கேள்வியாக இருக்கிறது.

சீஷனாக இருப்பதற்கு விலை உண்டு என்று ஒவ்வொரு லெந்து காலத்திலும் பிரசங்கம் கேட்கிறோம். வலையை விட்டான், படகை விட்டான், தகப்பனை விட்டான், பின்னால் போனான். சரி. விடுவதற்கு அவனிடம் வலை இருந்தது, படகு இருந்தது. யாக்கோபு, யோவான் வீட்டில் கூலியாட்கள்கூட இருந்ததாக மாற்கு எழுதுகிறார். எங்களிடம் விடுவதற்கு என்ன இருந்தது?

குடிசை நின்ற மண்கூட எங்களுடையதில்லை. இது வயிற்றெரிச்சலில் சொல்வதல்ல. செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி 1891இல் அரசுக்கு எழுதின குறிப்பில் இருப்பது. வீட்டுமனை மிராசுதார் கையில். கடன் மிராசுதார் கையில். தரிசுக்கு மனுப் போட்டால் குறுக்கே நிற்பதும் மிராசு உரிமை. அந்தக் குறிப்பை ஒட்டித்தான் 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கு நாம் சொல்வது அதில் பிறந்ததுதான். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள்.

அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு என்ற பாதிரியார் எங்கள் ஆட்களோடு நின்று தரிசுக்கு மனுப் போட வைத்தார். மெல்ரோசாபுரம் அப்படி உண்டான ஊர்தான். மனுப் போட்டவனைக் குடியிருக்கிற மனையை விட்டே துரத்துவோம் என்று மிராசுதார்கள் மிரட்டினார்கள். சேரிக்காரன் சீஷனானதற்குக் கொடுத்த முதல் விலை அது. வலையை அவன் விடவில்லை. வலை வேண்டும் என்று கேட்டான். கேட்டதற்கே அடி விழுந்தது.

அந்த நாளிலேயே மிஷனரிகளுக்குள் ஒரு சந்தேகமும் இருந்தது. இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, வயிற்றுக்காக வருகிறார்களா? ஊர்க்காரனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. 'சோத்துக்கு மாறினவன்' என்றான். என் காலத்தில் அது 'பால்பவுடர் கிறிஸ்தவன்' ஆயிற்று. இந்தப் பழிச்சொல் எங்கள் மேல் மட்டும் ஏன் விழுகிறது? வியாபாரத்தில் லாபம் வேண்டும் என்று மலையேறிக் கும்பிடுகிறவனை யாரும் லாபத்துக்குப் பக்தனானவன் என்று சொல்வதில்லை. பசித்தவன் கடவுளிடம் சோறு கேட்டால் மட்டும் அது பக்தியில்லை என்றாகிவிடுகிறது. ஆனால் தினசரி சோற்றைக் கேட்கச் சொல்லித்தானே அவர் சீஷர்களுக்கு ஜெபமே கற்றுக்கொடுத்தார்? ஆத்துமா வேறு வயிறு வேறு என்று பிரிப்பது வயிறு நிறைந்தவனுக்குச் சுலபம்.

அடுத்த விலையைச் சட்டம் போட்டது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு சாத்தியே கிடக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மதத் தடையை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கு நம்மில் பலருக்குத் தெரியும். தெருவில் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறித்தவர் என்பதால் இவருக்கு இல்லை. அதே தெரு, அதே தோல், அதே ஊசி. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறின பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் எடுத்துக் கோயிலுக்குப் போகிறவர் வேலைக்காக இந்து என்று சொல்லிச் சான்று கேட்பது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

அப்படியானால் என் நைனா ஏமாற்றுக்காரரா? நான் வேறு மாதிரி கேட்கிறேன். ஒருவனிடம் "உன் விசுவாசத்தைச் சொல், சொன்னால் உன் பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொள்வேன்" என்று கேட்பவன் யார்? ரோமாபுரிக்காரன்கூடத் தூபம் போடச் சொல்லித்தான் கேட்டான். இங்கே மௌனமாக ஒரு விண்ணப்பத்தாளை நீட்டிக் கேட்கிறார்கள். என் தங்கச்சி தன் மகனுக்குக் 'கிறித்தவர்' என்றே எழுதினாள். அவன் பிற்பட்டோர் பட்டியலில் போனான், நினைத்த படிப்பு கிடைக்கவில்லை. நைனா ஒன்றை எழுதினார், தங்கச்சி ஒன்றை எழுதினாள். ரெண்டு பேரும் விலை கொடுத்தார்கள். அவருக்கு ராத்தூக்கம் போனது, இவளுக்குப் பிள்ளையின் படிப்பு போனது. இந்த விலையைக் கிறிஸ்து போடவில்லை. சாதி போட்டது, சட்டம் எழுதிக்கொடுத்தது. சாதி போட்ட விலையைச் சிலுவை என்று பேர் சூட்டி எங்களைச் சுமக்கச் சொல்கிற பிரசங்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சபை என்ன செய்தது? மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறார்கள். முன்கால் ரெண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தவம் நிற்கிறது. காலடியில் எலிகள். டூரிஸ்ட்டுகள் சிரித்துப் போட்டோ எடுப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சில சபைகள் ஞாபகம் வரும். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலேயே சாதிச் சுவர் நின்றது. சுவருக்கு ரெண்டு பக்கமும் ஒரே சிலுவை. உயிர்த்தெழும்போதும் தனித்தனியாகத்தான் எழுந்திருக்க வேண்டும் போல.

ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்ற பாதிரியார் 1937இல் சீஷத்துவத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எதையும் கேட்காமல் மன்னிப்பை மட்டும் விநியோகிக்கிற கிருபையை மலிவுச் சரக்கு என்றார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கில் போட்டார்கள். படித்த பெரிய குடும்பத்து மனுஷர். அவர் நியூயார்க்கில் படிக்க வந்தபோது, 1930-31இல், ஹார்லெமில் கறுப்பின மக்களின் சபைக்குத்தான் வாராவாரம் போனார். அங்கே கேட்ட சுவிசேஷம் தன்னை மாற்றியது என்பதை அவர் மறைக்கவில்லை. சீஷத்துவத்தின் விலையை உலகத்துக்குச் சொன்னவர் அதை அடிமைகளின் பேரப்பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டார். நம் சபைகளின் பெரியவர்கள் சேரிக்குள் எதையாவது கற்றுக்கொள்ள வந்ததாக எனக்கு நினைவில்லை. கற்றுக்கொடுக்க வந்தார்கள். காணிக்கை வாங்க வந்தார்கள்.

அம்பேத்கர் தீண்டப்படாத கிறித்தவர்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். தங்களுக்கு நடக்கிற அநியாயத்தை எதிர்த்து இவர்கள் ஏன் போராடுவதில்லை என்று கேட்டார். பாவம்தான் துன்பத்துக்குக் காரணம் என்று சொல்லிக்கொடுத்ததால் எதிர்க்கத் தெரியாமல் போய்விட்டது என்றார். ரொம்ப காலத்துக்கு அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பதில் ரத்தத்தில் வந்தது.

மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலம் வேறு ஆட்கள் கைக்குப் போயிருந்தது. மீட்க வேண்டும் என்று ஜனங்கள் கிளம்பினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். அதை அதிகாரிகள் எடுத்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற ரெண்டு பேர் செத்தார்கள். ஒருவர் பேரில் ரெண்டு அப்போஸ்தலர்கள். இன்னொருவர் பேரில் திருப்பதி மலை. பட்டியல் சாதியா இல்லையா, வேதமா இந்துவா என்று தோட்டா விசாரிக்கவில்லை.

நான் அன்றைக்கு அங்கே இல்லை. சான்றிதழால் கிடைத்த வேலையில் இருந்தேன், ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சேரியிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். "லீவு இல்லண்ணே" என்றேன். லீவு இருந்தது. மறுநாள் டீ குடிக்கிற இடத்தில் ஒருத்தர் பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க பக்கந்தானேய்யா இது? தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார். எனக்கு யாரையும் தெரியாது" என்றேன்.

இன்னொருத்தர் சிரித்தார். "பேச்சப் பாத்தா அந்தப் பக்கத்து ஆளு மாதிரிதான் கீது" என்று என் பேச்சையே பேசிக் காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் ஆயா சொன்ன பேதுரு எனக்குப் புரிந்தார். பேதுரு எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடவில்லை. முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தார். கைதாகி அடிவாங்குகிறவனை இவனுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். கலிலேயா பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது. மறுதலிப்பு என்பது இதுதான். மதப் பேரை மாற்றி எழுதுவது அல்ல, அடிபடுகிறவனைத் தெரியாது என்பது. நைனா ஒரு தாளில் பொய் சொன்னார், ஆனால் சேரியில் எவன் வீட்டுக் கூரை எரிந்தாலும் முதல் குடம் அவருடையது. அவர் யாரையும் தெரியாது என்று சொன்னதில்லை. நான் ஒரு வேலைக்காக, ஒரு டீக்காக, சொன்னேன். சேவல் கூவினது எனக்குத்தான்.

இதை நைனாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராப்போஜனத்தில் அவர் கை நடுங்காமல் இருந்திருக்கும். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பரலோகத்தில் மிகுதி என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை. பேதுருவின் கதை முற்றத்தோடு முடியவில்லை. கடற்கரையில் முடிகிறது. விடிகாலை, கரி நெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். மறுதலித்தவனை முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். அப்புறம்தான் கேள்வி. கேட்டதும் "ஏன் சொன்னாய்" என்றல்ல, "அன்பாயிருக்கிறாயா" என்று. உடனே வேலை கொடுத்தார்: மேய்க்க வேண்டும், பசியாற்ற வேண்டும். நீ போக விரும்பாத இடத்துக்கும் கொண்டுபோவார்கள் என்றும் சொல்லிவிட்டார். விலையும் பலனும் அந்த மணலில் ஒன்றாகவே கிடக்கின்றன. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை, ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதுதான் இறையியல் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஆயா அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்: எழுந்து வந்து சோறு துன்னுடா.

மறு வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி லீவு போட்டுவிட்டு நினைவு நாளுக்குப் போனேன். லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் 'உறவினர் நினைவு நாள்' என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, "யாருய்யா செத்தது, உனக்கு என்ன உறவு?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய தியாகம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாளில் எழுதினது பொய்யில்லை.