தேய்ந்தவர்களைத் தேடி வரும் ஆண்டவர்



உங்களில் பலர் நிட்டிங் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். துணியில் நெடுகக் கோடு விழுந்தால், மெஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களும் நீங்கள்தான். மெஷினை நிறுத்துகிறார். 30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷின் என்றால் சிலிண்டரில் ஏறத்தாழ 2,260 ஊசிகள். கோடு விழுந்த இடத்து ஊசியைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கொக்கி மெலிந்திருக்கிறதா? கொக்கியை மூடித் திறக்கும் நாக்கு ஆடுகிறதா? ஊசியை ஏற்றி இறக்கும் கேமில் உரசி உரசி அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதா? ஊசி நன்றாக இருந்தால், அது ஏறி இறங்கும் காடியைப் பார்க்கிறார். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் இறுகி அடைத்திருக்கலாம். காடியின் சுவரே வளைந்திருக்கலாம். கோட்டைக் கண்டவுடன் அவர் ஊசியைக் குறை சொல்வதில்லை.

நாம் அப்படியா நடந்துகொள்கிறோம்? கணவர் எரிந்து விழுகிறார், மகள் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறாள். உடனே தீர்ப்பிட்டுவிடுகிறோம். அந்தக் கோபத்துக்குப் பின்னால் எத்தனை நைட் ஷிப்ட், எவ்வளவு வட்டிக் கடன் என்று பார்ப்பதில்லை.

பெட்டிக்குள் கிடக்கும் ஊசி தேய்வதில்லை, அன்பர்களே. ஓடிய ஊசிதான் தேயும். உங்கள் பொறுமை மெலிந்திருந்தால், ஜெபம் வறண்டிருந்தால், கலங்காதீர்கள். பிள்ளைகளுக்காக உழைத்துத் தேய்ந்ததை ஆண்டவர் குற்றக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனாலும் தேய்மானத்தை மறைத்து ஓட்டினால் ரோல் முழுவதும் கெடும். நமது தேய்மானமும் நம் பிள்ளைகள்மேல்தான் கோடாக விழுகிறது. என்னிடம் எது தேய்ந்திருக்கிறது என்று நாம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தது எப்போது?

தேய்ந்த ஊசியைப் பிட்டர் எறிந்துவிடுகிறார். பழைய ஊசிகளுக்கு நடுவே ஒரே ஒரு புது ஊசி நின்றால் அதுவும் கோடாகத் தெரியலாம் என்பதால், சிலவேளை முழு செட்டையும் மாற்றிவிடுகிறார். மெஷினுக்கு அது சரி. நம் ஆண்டவர் அப்படிச் செய்பவர் அல்லர். தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவின் இடத்துக்கு அவர் வேறொருவரைத் தேடவில்லை. திபேரியக் கடற்கரையில் கரித்தீ மூட்டி, மீன் சுட்டு, முதலில் சாப்பிடச் சொன்னார். பசியாறிய பிறகுதான் கேள்வி கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்றுதான் மூன்று முறையும் கேட்டார். பேதுருவுக்கு மனம் நொந்தது என்று யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. நம்மைச் சோதித்துப் பார்க்கும் கை படும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியோடு நின்றவரிடமே இயேசு தம் ஆடுகளை ஒப்படைத்தார்.

ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வந்து பல ஆண்டுகள் ஆயிற்றே என்று தயங்குகிறவர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் கோவிலுக்கு வாருங்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் காலையில் வாருங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "களைப்பாக இருக்கிறது, சாமி" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நாம் சேர்ந்தே ஆண்டவரிடம் சொல்வோம்.