கம்பளைத் தெருவும் ஐந்தாம் பிரிவும்

ஓர் அரசு ஒரு மதத்துக்குக் கொடுத்த வாக்கு, அதே அரசு பிறகு இயற்றும் சாதாரணச் சட்டத்துக்கு வழிவிட வேண்டுமா? கண்டியை அடுத்த கம்பளையில் இந்தக் கேள்வி மேளச் சத்தமாக எழுந்தது. வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் அம்பகமுவ வீதி வழியாகப் போகும். அவ்வீதியில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. பள்ளிவாசலை நெருங்கும்போது மேளம் நிற்க வேண்டும் என்று 1912இல் அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். மேளம் அடங்கினால் பெரஹரா ஏது? தேவாலயத்தின் பொறுப்பாளரான பஸ்நாயக்க நிலமே வழக்குக்குப் போனார். அவர் பிடித்துக்கொண்டது, கண்டியைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்த 1815 மார்ச் 2ஆம் தேதிய கண்டி ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவை: பௌத்தம் மீறப்படலாகாதது, அதன் கிரியைகள் பேணிக் காக்கப்படும். மாவட்ட நீதிபதி போல் இ. பீரிஸ் 1914 ஜூன் 4ஆம் தேதி அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரி 2ஆம் தேதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. பொலிஸ் கட்டளைச் சட்டம் முதலான பிந்திய சட்டங்களுக்கு முன் ஒப்பந்த உரிமை நிற்காது என்பது அதன் நிலை.

முடிவு தவறென்று நான் சொல்லமாட்டேன். கிரியையைக் காப்பது வேறு, பொதுத் தெருவை அதற்கு எழுதிக்கொடுப்பது வேறு. அமைதியாகத் தொழ விரும்பியவர்களும் அதே முடிக்கு வரி கட்டியவர்களே. ஐந்தாம் பிரிவு எதுவரை காக்கிறது என்று அளந்தே வழக்கைத் தீர்த்திருக்கலாம். ஒப்பந்தமும் உயிரோடு இருந்திருக்கும். நீதிமன்றமோ வாக்கின் எல்லையை விட்டு அதன் ஆயுளைக் குறைத்தது. சரணடைவு உடன்படிக்கைகள் மீறக்கூடாதவை என்று 1774இலேயே ஆங்கிலேய நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு சொல்லிவிட்டார் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தின் கையைப் பழைய காகிதம் கட்டினால் எப்படி ஆள்வது என்று கேட்பார்கள். தெருவை ஒழுங்குபடுத்த எந்த வாக்கையும் முறிக்கத் தேவையில்லை என்பதே என் பதில். அதே 1915இல், மே 28 இரவு கண்டியில் மூண்ட சிங்கள–முஸ்லிம் கலவரத்தை இந்தத் தீர்ப்பின் தலையில் மட்டும் கட்டுவதும் அநியாயம். கடைத்தெருப் போட்டிக்கும் போர்க்கால விலையேற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு.

இது பௌத்தர்களின் பழைய மனக்குறை, நமக்கென்ன என்று தமிழ் வாசகர் ஒதுங்க முடியாது. சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவும் ஒரு வாக்குறுதிதான்: மத வழிபாட்டைத் தடுக்கும் சட்டமும், ஒரு சமூகத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டமும் செல்லாது. மலையகத் தமிழரின் வாக்குரிமை வழக்கில், 1953இல், அது கைகொடுக்கவில்லை. ஆனாலும் 1964இல் ரணசிங்க வழக்கில் லண்டனிலிருந்த கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) அப்பிரிவை மாற்றவே முடியாதது என்ற பொருளில் பேசியது. கண்டி ஒப்பந்தம் வெற்றியாளன் எழுதியது, யாப்பு அப்படியல்ல, இரண்டையும் ஒப்பிடலாமா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் இரண்டையும் நம்பியவர்கள் நம்பியது ஒன்றைத்தான்: பெரும்பான்மை மாறினாலும் சொல் மாறாது. யாப்பைத் திருத்தி அப்பிரிவை நீக்கும் முன்வாசல் சாத்தியிருந்ததால் 1970இல் கொழும்பு நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1972இல் அங்கிருந்து வந்த யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் இருந்தது.