வற்றும் கண்மாயில் யாருடைய மீன்?

மாசிக்கும் வைகாசிக்கும் இடையில், கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, பொன்னமராவதிப் பக்கங்களில் இது வழக்கம். அன்று விடியலிலேயே சுற்றுவட்டார மக்கள் ஊத்தா, கச்சா, தூரி, வலை சகிதம் கரையில் கூடிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் காவல் தெய்வத்தைக் கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் நீரில் கால் வைப்பதில்லை. வீசியபின் விரால், கெளுத்தி, கெண்டை, குரவை என்று எது சிக்கினாலும் சிக்கியவருக்கு. பெரும்பாலான ஊர்களில் அதை விற்பதில்லை. அன்று வீட்டுக்கு வீடு மீன் குழம்புதான். ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொல்லும் ஒரு காரியத்தைச் சாமி கும்பிட்டுத் தொடங்கலாமா?

இந்தக் கேள்வியை இந்த மண்ணில் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. அன்னவாசலுக்குப் பக்கத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட சமண முனிவர்கள் அந்தக் குன்றில் வெறும் பாறையில் படுத்துத் தவம் செய்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த, அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. அதில் மீன்கள் உண்டு. பறவைகளும் யானைகளும் எருமைகளும் உண்டு. குளத்தில் இறங்கியிருக்கும் மனிதர்கள் பூவைத்தான் பறிக்கிறார்கள், மீனைத் தொடவில்லை. கீழே ஊர்க் கண்மாயில் நடப்பதற்கு இதைவிடக் கூர்மையான மறுப்பை யாரும் எழுதிவிட முடியாது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், தண்ணீர் வற்றினால் மீன் எப்படியும் சாகத்தானே போகிறது என்பது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. நீர் சூடேறி உயிர்க்காற்று குறையும்போது பல மீன்கள் மாளும் என்பது உண்மை. ஆனால் விராலும் குரவையும் மேலே வந்து காற்றைக் குடிக்கக் கூடியவை. சேற்றுக்குள் கிடந்தே அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும். ஊத்தாவுக்குள் கைவிட்டு எடுக்கும் ஒவ்வொரு விராலும் பிழைத்திருக்கக் கூடிய உயிர்தான். கும்பிடுவதால் அந்தச் சாவு இல்லாமல் போய்விடாது. சமணர் எழுப்பும் குற்றச்சாட்டு அந்த அளவில் நிற்கிறது; அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சமணர் கொல்லாமையோடு இன்னொரு நோன்பையும் வைத்தார்கள்: அபரிக்கிரகம், தனக்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளாமை. கரையில் நடக்கும் வழிபாடு கொல்ல அனுமதி கேட்பதற்காக அல்ல, இந்த மீன் யாருக்கும் சொந்தமல்ல என்று ஒப்புக்கொள்வதற்காக என்றே நான் கருதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தபோது மீன் ஏறி வந்தது. நெல் விளையும்வரை மடை வழியே வயலுக்குத்தான் தண்ணீர். அறுவடை முடிந்து நீர் தானாக இறங்கிய பிறகே மீனுக்கு முறை வருகிறது. எப்போது எடுப்பது என்பதை ஆசை முடிவு செய்யவில்லை, நீர்மட்டம் முடிவு செய்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பழங்குடிகளிடமும் இதற்கு நெருங்கிய வழக்கம் உண்டு. முதல் சால்மனை எல்லோரும் பகிர்ந்து உண்டு, எலும்பை ஆற்றிலேயே விடுவார்கள். அந்தச் சடங்கு முடியும்வரை மற்ற மீனைத் தொடமாட்டார்கள். அங்கே முதல் மீனின் சடங்கு முடிவதற்கு மனிதன் காத்திருக்கிறான், இங்கே நீர் இறங்குவதற்குக் காத்திருக்கிறான். இரண்டு இடத்திலும் கையை நிறுத்தி வைப்பது தெய்வம்.

இதற்குத் தெய்வம் எதற்கு, ஊர்க்கூட்டத் தீர்மானம் போதாதா என்று கேட்கலாம். மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் போன கண்மாய்களைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கும் விதிகள் எழுத்தில் இருக்கின்றன. ஆனால் குத்தகை எடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும். தண்ணீர் சீக்கிரம் வடிவது அவருக்கு லாபம், வயல்காரருக்கு நட்டம். நீர்மட்டம் ஒருவருடைய கணக்குப் புத்தகத்துக்குள் போய்விடுகிறது. திருவிழா நடத்தினால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையை அறிவியல் ஏற்காது. நானும் அதை வாதமாக வைக்கவில்லை. ஆனால் அடுத்த மழையை நினைத்துக்கொண்டே இந்த ஆண்டு மீனை எடுப்பவர்களுக்குக் கண்மாயைத் தூர்த்துவிட மனம் வராது.

என்னை உண்மையில் தடுமாற வைக்கும் மறுப்பு வேறு. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அங்கே போன மாவட்ட ஆட்சியர் அழைத்துச் சென்ற பிறகே பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் அம்மக்கள் நுழைந்தார்கள். கண்மாய்க் கரையில் காவல் நிற்பதும் பல ஊர்களில் அதே அய்யனார்தான். யாருக்கும் சொந்தமல்லாத மீன் என்று அவர் முன்னால் சொல்லிவிட்டு, அவர் வாசலில் சிலரை நிறுத்தி வைத்தால் அந்த வழிபாடு பொய். சாதி, மத வேறுபாடின்றி எல்லோரும் இறங்குகிறார்கள் என்று திருவிழாவைப் பற்றிச் சொல்லப்படுவது மெய்யாக இருக்கும் ஊரில்தான், உயிர் எடுக்கும் இந்தக் காரியத்துக்கு நான் சொன்ன நியாயம் பொருந்தும். மற்ற ஊர்களில் சித்தன்னவாசல் விதானத்தின் மறுப்புக்குப் பதில் இல்லை.