ஆமை இல்லாத ஆமை ஓடு

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சார்மவுத் கடற்கரையில், அலை அரித்த ஜுராசிக் காலப் பாறைச் சரிவிலிருந்து அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் உதிர்ந்து கிடக்கும். கூடவே ஏமாற்றுக் கற்களும். உருண்டையாக இருந்தால் டைனோசர் முட்டை. மேலே கட்டம் கட்டமாகக் கோடு ஓடினால் ஆமை ஓடு. இழை இழையாகப் பிரியும் கால்சைட் பட்டையை மரப் புதைபடிவம் என்று பையில் போட்டுக்கொள்வோரும் உண்டு. அந்தப் பட்டைக்குக் கல்லுடைப்பவர்கள் வைத்த பெயர் 'பீஃப்', மாட்டிறைச்சி! யாரும் அதைத் தின்னப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

ஆமை ஓட்டின் கதை எளிது. கடலடிச் சேற்றில் ஒரு பகுதி மட்டும் சுண்ணாம்புச் சத்து ஏறி உருண்டையாக இறுகுகிறது, உள்ளே வெடிக்கிறது, வெடிப்புகளில் கால்சைட் படிகிறது. அம்மோனைட்டை அறுத்தால் அறை அறையாக உடலமைப்பு தெரியும். இந்த ஆமைக்கல்லை அறுத்தால் இறுகிய சேறும் கால்சைட்டும்தான்.

1802இல் ஆங்கிலிக்கப் பாதிரியார் வில்லியம் பேலி 'இயற்கை இறையியல்' என்ற நூலை ஒரு கல்லோடுதான் தொடங்கினார். வெட்டவெளியில் கல் இடறினால் அது என்றைக்கும் அங்கேயே கிடந்தது என்று சொல்லிவிடலாம். கடிகாரம் கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும். உயிர்களும் அப்படியே என்பது அவர் வாதம். கல்லை அவர் அவசரமாகத் தாண்டிப் போய்விட்டார். கடற்கரை ஆமைக்கல்லில் கட்டமும் ஒழுங்கும் இருக்கின்றன. அவற்றைச் செதுக்கிய கையும் இல்லை, சுமந்த ஆமையும் இல்லை. பேலி சுட்டியது வெறும் ஒழுங்கை அல்ல, ஒரு வேலைக்காகப் பொருந்திய உறுப்புகளை என்று அவர் பக்கம் நிற்பவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் 'இது தானாக வந்திருக்காது' என்று கண் சொல்லும் முதல் சாட்சியம் எவ்வளவு பலவீனமானது என்பதை இந்தக் கல் காட்டிவிடுகிறது.

நம் பூஜையறைச் சாளக்கிராமம் இந்த வழக்கிலேயே சேராது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கற்களில் பல, அசலான அம்மோனைட் புதைபடிவங்கள். அவற்றில் தெரியும் சக்கரம் ஒரு கடல் உயிரின் ஓடு என்று தெரிந்த பிறகும் அபிஷேகம் நடக்கிறது. திருமாலுக்கு அந்தக் கல் அத்தாட்சி அல்ல, இருப்பிடம்.

கல்லை அத்தாட்சியாக்கியவர் கனடாவின் ஜான் வில்லியம் டாசன். மெக்கில் பல்கலைக்கழக முதல்வர், தேர்ந்த புவியியலாளர், பிரெஸ்பிட்டேரியக் கிறிஸ்தவர். பழம்பாறையில் மாறி மாறி ஓடிய கனிம வரிகளை ஓருயிரியின் எச்சம் என்று கருதி, 1865இல் 'இயோசூன் கனடென்ஸ்' என்று பெயரிட்டார். கனடாவின் விடியல் விலங்கு என்று பொருள். அதற்கும் அடுத்த உயிர்களுக்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளியைப் பரிணாமத்துக்கு எதிராக நிறுத்தினார். வேடிக்கை, டார்வினும் 1866இல் தன் பரிணாம நூலின் நான்காம் பதிப்பில் அதே கல்லைத் தனக்குச் சாதகமாகச் சேர்த்துக்கொண்டார். 1894இல், வெசுவியஸ் எரிமலை கக்கிய சுண்ணாம்புக்கல் துண்டுகளிலும் அதே வரிகள் இருப்பது வெளியானது. வெப்பமே அவற்றை உண்டாக்கப் போதுமானதாக இருந்தது. டாசன் 1899இல் இறக்கும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.