விழுந்தவன் ஒருவன், அழுபவன் இன்னொருவன்

கோவைப் பக்கம் சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்துக் கபடிக்கு ராத்திரிதான் நேரம். ஆடுகிற பையன்களில் பலர் விசைத்தறியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். பாடிப் போனவன் கோட்டைத் தொடத் திரும்புகிறான். பின்னாலிருந்து ஒருவன் கணுக்காலைப் பிடிக்கிறான். பாதம் பிடியில் நிற்க, உடம்பு மட்டும் திரும்புகிறது. அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கியாக வேண்டும்.

விழுந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். கூட்டாளிதான் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுவான். “ஏங்கண்ணு அழுவற, சரியாப் போயிரும்” என்பார் ஓரத்தில் நிற்கும் பெரியவர். “ஆம்பளப் பையன் அழுவானாடா” என்று இன்னொரு குரலும் வரும்.

அடிபட்டவனே அழாதபோது இவன் ஏன் அழுகிறான்? ஆட்டச் சூடு ஒரு காரணம். முறுக்கேறிய உடம்பை நடுவில் நிறுத்தினால் அது எங்காவது வெடிக்கத்தான் செய்யும். ஆனால் அது மட்டும்தான் என்றால், தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் ஏழு பேரும் அழ வேண்டுமே!

“லிகமெண்ட் போயிருச்சு” என்று யாராவது சொன்னதும் அழுகிறவன் மனதில் ஓடுவது வேறு கணக்கு. தறி ஓட்டுவது உட்கார்ந்து பார்க்கும் வேலை இல்லை. ஷிப்ட் முழுக்கத் தறிகளுக்கு நடுவே நடக்க வேண்டும். அறுந்த இழையை முடிய வேண்டும், தார் மாற்ற வேண்டும். ஓடிய துணிக்குத்தான் கூலி. முழங்காலில் அறுவைசிகிச்சை என்றால் மறுபடி களம் இறங்க ஒன்பது மாதம்கூட ஆகலாம். படுத்துக் கிடக்கும் வாரங்களுக்குப் பணம் ஏது? பட்டறையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, வீட்டில் யார் யார் என்பதெல்லாம் கூட்டாளிக்குத் தெரியும். தன் முழங்காலும் அதே மாதிரிதான் என்பதும் தெரியும்.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவனுக்குக் கூலிக் கவலை இல்லை. அவனும் அழுகிறான். 2019 நவம்பர் 3 அன்று எவர்டன் அணிக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில், டாட்டன்ஹாமின் சன் ஹியூங்-மின் பின்னாலிருந்து காலை விட்டார். ஆந்த்ரே கோம்ஸ் நிலைதடுமாறி விழுந்ததில் அவர் கணுக்கால் உடைந்தது. சன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கோம்ஸ் எதிரணிக்காரர். சன்னுக்குக் காட்டிய சிவப்பு அட்டையைப் பிறகு ரத்து செய்தார்கள். அதனால் மனம் ஆறிவிடுமா? மூன்று நாள் கழித்து பெல்கிரேடில் கோல் போட்டவர் அதைக் கொண்டாடவில்லை. கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

சோமனூர்ப் பையனின் அழுகையும் களத்தோடு முடிவதில்லை. பெரும்பாலும் அழுதவனே மறுநாள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பான். கண்ணீரைப் பலவீனம் என்பவர்கள் இந்த மறுநாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

அந்த மறுநாளுக்குக் கிரிக்கெட்டிலும் ஒரு சாட்சி உண்டு. 1962 மார்ச்சில் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து இந்தியக் கேப்டன் நாரி காண்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. ஹெல்மெட் இல்லாத காலம். அன்று யார் அழுதார்கள் என்று ஸ்கோர் புத்தகம் சொல்லாது. அவருக்கு ரத்தம் கொடுத்தவர்களை மட்டும் நாடு மறக்கவில்லை: சந்து போர்டே, பாபு நாட்கர்னி, பாலி உம்ரிகர், அவர்களோடு வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரெல். காண்ட்ராக்டர் பிழைத்துக்கொண்டார்; ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. வங்காள கிரிக்கெட் சங்கம் 1981 முதல் பிப்ரவரி 3-ஐ வொரெல் நாளாக வைத்து, அன்று ரத்ததான முகாம் நடத்தி வருகிறது.